டூபி ஃபைலும் ஏழு வருட இடைவெளியும்: திருப்பூரில் ஒருவர் கணக்கு வேலைக்குத் திரும்பியது எப்படி

2023 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் பெண் தன் சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். வயது 31. பி.காம். கல்யாணத்துக்கு முன்பு ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பகுதியில் இரண்டு வருடம் பில் எழுதியவர். அப்புறம் கல்யாணம், குழந்தை, ஏழு வருட இடைவெளி. குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் கணக்கு வேலை தேடலாம் என்று முடிவு செய்து, ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாதம் எம்.எஸ். ஆபீஸ் படித்திருந்தார். ‘ஏ’ கிரேடு.

“மூணு இடத்துக்குப் போய்ட்டு வந்துட்டேனுங்ணா. எக்ஸெல் தெரியுமான்னு கேக்கறாங்க, தெரியுமுங்கறேன். அப்புறம் ஒரு ஃபைலத் திறந்து குடுக்கறாங்க. அதப் பார்த்தா நான் படிச்ச எக்ஸெல் மாதிரியே இல்லீங்க.”

நான் திருப்பூரில் 22 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருப்பவன். ஆள் எடுக்கும் நாளில் அந்த மாதிரி ஃபைலைத் திறந்து கொடுக்கிறவர்களில் நானும் ஒருவன். வந்தவர்களில் பலர் அதைப் பார்த்ததும் முகம் வாடிப் போவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் பக்கம் இருந்து அது எப்படித் தெரிகிறது என்று யாரும் இப்படி எனக்குச் சொன்னதில்லை. அதனால்தான் அடுத்த ஐந்து மாதம் நடந்ததை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். இதை எழுத அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். அவர் பெயரையும் கம்பெனிகளின் பெயர்களையும் எழுதவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை ‘அம்மணி’ என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அரை மணி நேரத்தில் நாற்பது பில்

மூன்று நேர்காணலில் கடைசியாக நடந்ததை அவரிடம் விலாவாரியாகக் கேட்டேன். இரண்டு ஃபைல் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, கம்பெனியின் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து எடுத்த ஒரு மாதக் கொள்முதல் பட்டியல், சுமார் 400 வரி. இன்னொன்று ஜிஎஸ்டி தளத்திலிருந்து இறக்கிய ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது கம்பெனிக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல். அதைத்தான் கணக்கு ஆபீஸ்களில் டூபி என்கிறோம். “இதுல இருக்கிற எந்தெந்த பில் டூபியில வரலைன்னு எடுத்துக் குடுங்க. அரை மணி நேரம்.”

அம்மணி முதலில் தலைப்பு வரிக்கு நிறம் கொடுத்தார், எழுத்தைத் தடிமனாக்கினார், கட்டம் போட்டார். சென்டரில் எந்தப் பயிற்சியும் அப்படித்தான் தொடங்குமாம். பிறகு ஒரு பில் நம்பரை எடுத்து, கன்ட்ரோல்-எஃப் போட்டு மற்ற ஃபைலில் தேடினார். அடுத்தது, அதற்கடுத்தது. அரை மணி நேரத்தில் நாற்பது பில் முடிந்திருந்தது. “சொல்லி அனுப்பறோம்” என்று சொல்லிவிட்டார்கள்.

அவருடைய பயிற்சி நோட்டை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து. ஹோம், இன்சர்ட், பேஜ் லேஅவுட் என்று மெனு எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையிலேயே பாடம். வீலுக்கப் இருந்தது. ஐந்து மாணவர், ஐந்து மதிப்பெண், ஒரு பெயரைக் கொடுத்தால் மதிப்பெண் வர வேண்டும். வரிகளை வகைவாரியாகத் திரட்டிக் காட்டும் பிவட் டேபிள் இருந்தது. நான்கு மாநிலம், மூன்று பொருள். எல்லா எண்ணும் சுத்தமாக, எல்லாப் பெயரும் ஒரே எழுத்துக்கூட்டலில். ஆகவே அவர் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது, சொல்லிக்கொடுத்ததும் தப்பில்லை. அழுக்கான ஃபைல் ஒன்றைக் கூட அவர் கண்ணில் காட்டவில்லை, அவ்வளவுதான். ஆபீஸில் இருப்பதோ எல்லாமே அழுக்கான ஃபைல்.

அரசு வேலையில் தட்டச்சர் பதவிக்குப் போகிறவருக்கு இது பொருந்தாது. அங்கே தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வுச் சான்றிதழை விதியிலேயே கேட்கிறார்கள், அதற்கென்று தனியாகத் தயாராக வேண்டும். தனியார் கணக்கு வேலையில் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்து, ஃபைலைத்தான் நீட்டுவார்கள்.

எதைக் கற்பது என்று முடிவு செய்தது

அம்மணி முதலில் கேட்டது, “எக்ஸெல் முழுசா கத்துக் குடுங்கண்ணா” என்றுதான். நான் மறுத்துவிட்டேன். எக்ஸெல் முழுசாக எனக்கே தெரியாது. எனக்குத் தெரிந்த எந்தக் கணக்காளருக்கும் தெரியாது. இந்த ஊரில் மாதா மாதம் எல்லாக் கணக்கு ஆபீஸிலும் தலைவலியாக இருக்கும் ஒரே ஒரு வேலையை எடுத்து, அதை முதலிலிருந்து கடைசி வரை செய்யக் கற்கலாம் என்று சொன்னேன். டூபி ஒத்துப் பார்ப்பதுதான் அந்த வேலை.

இந்த வேலை ஏன் இவ்வளவு முக்கியம் என்று கணக்குப் பக்கம் வராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்று வந்தது. கம்பெனி நூல் வாங்கும்போது, சாயப்பட்டறைக்குக் கூலி கொடுக்கும்போது, அட்டைப்பெட்டி வாங்கும்போது கட்டுகிற வரியை, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதை ‘இன்புட்’ என்போம். 2022 ஜனவரி 1 முதல் சட்டம் இறுகிவிட்டது. விற்றவர் அந்த பில்லைத் தன் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னில் ஏற்றி, அது வாங்கியவரின் டூபியில் வந்தால்தான் இன்புட் எடுக்க முடியும். கையில் பில் இருக்கிறது, பணமும் கொடுத்தாயிற்று, ஆனால் டூபியில் வரவில்லை என்றால் அந்த மாதம் இன்புட் கிடையாது. அந்தத் தொகையைக் கையிலிருந்து கட்ட வேண்டும்.

மாத ரிட்டர்ன் போடுகிறவர் 11ஆம் தேதிக்குள் விற்பனையை ஏற்ற வேண்டும். 14ஆம் தேதி டூபி வரும். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ரிட்டர்னைப் போட்டு வரி கட்ட வேண்டும். நடுவில் இருப்பது ஆறு நாள். நடுத்தர பனியன் கம்பெனிக்கு நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், காஜா-பட்டன், லேபிள், பெட்டி, லாரி வாடகை என்று மாதம் முந்நூறு நானூறு பில் சாதாரணமாக வரும். அவற்றில் வராத பில் எது, அது எந்தப் பார்ட்டியுடையது என்று கண்டுபிடித்து, போன் போட்டு, ஏற்ற வைக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சின்னப் பார்ட்டிகளின் பில் தாமதமாகத்தான் வரும், அதைத் தனியாகக் குறித்து அடுத்த மாதங்களில் தேட வேண்டும். இதை நம்பி ஒப்படைக்கக்கூடிய ஒரு ஆளுக்காக எத்தனையோ முதலாளிகள் காத்திருக்கிறார்கள்.

ஃபார்முலா இல்லாத நான்கு வாரம்

ஞாயிறுதோறும் காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை எங்கள் வீட்டுத் திண்ணையில் படிப்பு. குழந்தையை அவருடைய மாமியார் பார்த்துக்கொண்டார். இந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துவிட வேண்டாம். அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை தன் தங்கை வீட்டுக்குப் போவதை ஐந்து மாதம் நிறுத்திவிட்டார்.

அம்மணி வீட்டில் இருந்தது உறவினர் கொடுத்த பழைய லேப்டாப். அதில் எக்ஸெல் இல்லை. காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போட்டுக் கொடுத்தேன். அதன் கால்க் ஷீட்டில் வீலுக்கப், டிரிம், சம்இஃப்ஸ், பிவட் எல்லாம் இருக்கின்றன, ஃபார்முலாவின் பெயர்களும் பெரும்பாலும் அவையே. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கால்க் பாடங்கள் தமிழ்க் குரலில் இருக்கின்றன. குழந்தை தூங்கியதும் இரவு ஒன்பதரை மணிக்கு மேல் ஃபோனில் அவற்றைப் பார்த்துவிட்டு லேப்டாப்பில் செய்து பார்ப்பார். இங்கே கற்ற கை, ஆபீஸில் எக்ஸெல் முன்னால் உட்கார்ந்தபோது ஒரு நாள்கூடத் தடுமாறவில்லை.

ஒரு பழைய கொள்முதல் பட்டியலையும் அதே மாத டூபியையும் பார்ட்டி பெயர், ஜிஎஸ்டி எண், தொகை எல்லாம் மாற்றிக் கொடுத்தேன். “ஃபார்முலா எதுவும் வேண்டாம் அம்மணி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு. எதெல்லாம் உறுத்துதோ நோட்டுல எழுது.”

முதல் வாரம் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு வந்தார். நான்காம் வாரம் முடியும்போது இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் பில் நம்பர் 0045, இன்னொரு பக்கம் வெறும் 45. பார்ட்டி தன் பில்லில் முழு எண்ணாக அச்சடித்திருப்பதை நம் ஆள் கடைசி மூன்று இலக்கம் மட்டும் என்ட்ரி போட்டிருக்கிறார். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ. 12/23 என்ற பில் நம்பர் தேதியாக மாறிப் போயிருக்கிறது. நடுவில் ஈ என்ற எழுத்து வரும் 23ஈ112 போன்ற நம்பரை ஷீட் பத்தின் மடங்காக எடுத்துக்கொண்டு ஏதோ விஞ்ஞான எண்ணாகக் காட்டுகிறது. தேதிகளில் பாதி வலப்பக்கம் ஒட்டியிருக்கின்றன, பாதி இடப்பக்கம்.

அந்தத் தேதி விஷயம்தான் அவரை மிகவும் பாதித்தது. லேப்டாப்பில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், மே 8 என்று நாம் நினைக்கும் 08-05-2023 அங்கே ஆகஸ்ட் 5. பன்னிரண்டாம் தேதிக்கு மேல் போனால் அப்படி ஒரு மாதம் இல்லாததால் ஷீட் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். அதுதான் இடப்பக்கம் ஒட்டும். உண்மையான ஆபத்து இடப்பக்கம் இருப்பவற்றில் இல்லை. வலப்பக்கம் ஒழுங்காக நிற்பவைதான் தப்பு. “அப்படீன்னா கண்ணுக்கு நல்லாத் தெரியறதத்தான் சந்தேகப்படணுமாங்ணா?” என்று கேட்டார். கட்டத்தில் தெரிவது வேறு, அதற்குள் இருப்பது வேறு என்பது அன்றைக்குப் பிடிபட்டது. ஆறு சாஃப்ட்வேர் பெயர் போட்ட சான்றிதழில் இந்த ஒரு விஷயம் இல்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. மரபணுக்களுக்கு அதிகாரப்பூர்வமாகப் பெயர் வைக்கும் குழு, மார்ச்1, செப்ட்1 என்று சுருக்கப் பெயர் கொண்ட மனித மரபணுக்களை எக்ஸெல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதால், அவற்றின் பெயர்களையே மாற்றியது. 2020இல் அதற்கான வழிகாட்டுதலையும் வெளியிட்டது. அம்மணிக்கு இதைச் சொன்னபோது, ‘நமக்கு மட்டும்தான் வரவில்லை’ என்ற கூச்சம் கொஞ்சம் விலகியது.

ஐந்தாம் வாரம் ஜிஎஸ்டி எண்ணுக்கு வந்தோம். அது 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். கடைசி எழுத்து சரிபார்ப்புக்கு. லென் என்ற ஃபார்முலா ஒரு கட்டத்தில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று சொல்லும். அதை வரிசை முழுக்க இழுத்துவிட்டோம். 15, 15, 15, திடீரென்று 16. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டியிருக்கிறது. வேண்டாத இடைவெளியை நீக்கும் டிரிம் போட்டார், பெரும்பாலானவை 15 ஆயின. சில அப்போதும் 16. இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்யும்போது வரும் இடைவெளி வேறு ரகம், அதன் குறியீட்டு எண் 160. டிரிம் அதைத் தொடாது. சப்ஸ்டிடியூட் போட்டு அந்த எழுத்தைத் தனியாக நீக்க வேண்டும். இந்த ஒன்றிலேயே ஒரு ஞாயிறு போனது. அவர் கணவர் அழைத்துப் போக வந்தும் அரை மணி நேரம் வண்டியில் காத்திருந்தார்.

நான்காவது இடத்தை விட்டது

பில் நம்பரை மட்டும் வைத்து ஒத்துப் பார்க்க முடியாது என்பதை அவரே கண்டுபிடித்தார். 112 என்ற நம்பர் மூன்று பார்ட்டியிடம் இருந்தது. ஒரு பார்ட்டிக்குள், ஒரு நிதியாண்டுக்குள்தான் பில் நம்பர் திரும்ப வராது. ஆகவே ஜிஎஸ்டி எண்ணையும் பில் நம்பரையும் ஒட்டி ஒரு சாவி உருவாக்க வேண்டும். இப்படி ஒட்டினால் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருக்கும் 45கள் இரண்டும் எழுத்தாகிவிடும்.

ஏழாம் வாரம் வீலுக்கப். மாணவர்-மதிப்பெண் பாடத்தில் படித்தது ஞாபகம் இருந்தது. போட்டார். எல்லா பில்லுக்கும் தொகை வந்தது. ஒரு பில் கூட விடுபடவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

அந்த ஃபைலில் 31 பில் டூபியில் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் எதுவும் சொல்லவில்லை. “இந்த மாசம் கம்பெனி எல்லா இன்புட்டையும் எடுத்துக்கலாமா அம்மணி?” என்று மட்டும் கேட்டேன். “எடுத்துக்கலாமுங்க.” “சரி, நோட்டீஸ் வந்தா யார் பதில் சொல்றது?” சிரிப்பு நின்றது. அப்புறம் ஒன்றேகால் மணி நேரம் தேடினார்.

வீலுக்கப்பில் நான்காவதாக ஒரு இடம் இருக்கிறது. அதில் ஃபால்ஸ் என்று போட்டால்தான் அச்சு அசலாக ஒத்ததை மட்டும் எடுக்கும். விட்டுவிட்டால், பட்டியல் வரிசைப்படுத்தி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, கிடைக்காததற்கு அதற்கு முந்தையதைக் கொடுத்துவிடும். அந்த டூபி பட்டியல் வரிசையாக இருந்ததால், வராத பில்லுக்கெல்லாம் பெரும்பாலும் அதே பார்ட்டியின் முந்தைய பில் தொகை வந்து உட்கார்ந்துகொண்டது. பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது.

இதை அவர் கண்டுபிடித்தது ஃபார்முலாவைப் படித்து அல்ல. இரண்டு பட்டியலின் மொத்தத் தொகையையும் கூட்டிப் பார்த்திருக்கிறார். எல்லாமே ஒத்துப் போயிருந்தால் மொத்தமும் ஒத்துப் போக வேண்டும், போகவில்லை. இதுதான் பி.காம். கை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் எத்தனை வரி, மொத்தம் எவ்வளவு என்று ஒரு மூலையில் எழுதுவார். முடித்த பிறகு ஒத்தது, ஒத்துப்போகாதது இரண்டையும் கூட்டி அந்த எண் திரும்ப வருகிறதா என்று பார்ப்பார்.

அந்தப் பழக்கம் எவ்வளவு பெரியது என்று காட்ட இங்கிலாந்தில் நடந்ததைச் சொன்னேன். 2020இல் கொரோனா பரிசோதனை முடிவுகளைச் சேர்க்கும் வேலையில் பழைய எக்ஸ்எல்எஸ் வகை ஃபைலைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதில் 65,536 வரிக்கு மேல் இடம் கிடையாது. புதிய வகையில் 10,48,576 வரை போகலாம். இடம் போதாமல் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்களின் விவரம் கணக்கில் வராமல் போனது. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிப்பதும் தாமதமானது. உள்ளே போனது எத்தனை வரி, வெளியே வந்தது எத்தனை வரி என்று யாராவது எண்ணியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

பத்தாவது வாரம் நான் ஒரு தவறு செய்தேன். இவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொள்கிறாரே என்ற ஆசையில் ஷீட் வேலையைத் தானாகச் செய்ய வைக்கும் சின்ன நிரலான மேக்ரோ எழுதச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அவருக்கு அது எதற்கு என்றே புரியவில்லை. இரண்டு ஞாயிறு முழித்தார், மூன்றாம் ஞாயிறு வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். காய்ச்சல் இருந்தது உண்மைதான், ஆனால் படிப்பை விட்டுவிடலாமா என்று யோசித்ததும் உண்மை என்று பின்னால் சொன்னார். நான் வீட்டுக்கே போய், மேக்ரோவை விட்டுவிடுவோம், வராத பில்லை வைத்து அடுத்து என்ன செய்வது என்று பார்ப்போம் என்றேன். திரும்ப வந்தார். கற்கிறவரின் தேவையைவிட என் ஆர்வம் முன்னால் போய்விட்டது. அந்த மூன்று வாரத்துக்கு நான்தான் பொறுப்பு.

அடுத்து வந்தது எளிது. வராத பில்களைப் பிவட் டேபிளில் பார்ட்டிவாரியாகத் திரட்டினார். வரித் தொகை அதிகம் இருக்கும் பார்ட்டி மேலே. முதல் போன் அவருக்கு. ஒரு ரூபாய் வித்தியாசம் ரவுண்டிங்கால் வருவது, அதைத் தனியாக ஒதுக்கக் கற்றார். பார்ட்டிகளுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும் என்றபோது எனக்கு ஒரு ஆச்சரியம் கிடைத்தது. வேர்டில் மெயில் மெர்ஜ் போட்டு, ஒவ்வொரு பார்ட்டிக்கும் அவரவர் வராத பில்களின் மொத்தத் தொகையோடு 23 கடிதத்தை இருபது நிமிடத்தில் எடுத்துவிட்டார். சென்டரில் கற்றது. எனக்கு மெயில் மெர்ஜ் அவ்வளவு சுத்தமாக வராது. அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுக்க நான் கற்றுக்கொண்டேன். சென்டர் படிப்பு வீண் என்று நான் முன்பு நினைத்திருந்தது தப்பு. அந்தப் படிப்பு போய் ஒட்டுவதற்கு ஒரு நிஜமான வேலை தேவைப்பட்டது.

நவம்பர் மாத நேர்காணல்

தீபாவளி முடிந்து இரண்டாம் வாரம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு உதவியாளர் வேலைக்கு அழைத்தார்கள். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. 45 நிமிடம், இரண்டு ஃபைல், அதே கேள்வி.

ஃபைலைத் திறந்ததும் அவர் தட்டச்சு செய்யவில்லை. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “சார், இந்த பில் நம்பர் பார்ட்டி போட்ட நம்பருங்களா, நம்ம டேலி வவுச்சர் நம்பருங்களா?” என்று கேட்டிருக்கிறார். கணக்கு மேனேஜர் எழுந்து வந்து பார்த்தாராம். அந்தப் பட்டியலில் இரண்டும் தனித்தனி நெடுவரிசையில் இருந்தன, தலைப்பு குழப்பமாக இருந்தது. எதை எடுப்பது என்று தெரியாமல் தொடங்கியிருந்தால் எதுவுமே ஒத்துப் போயிருக்காது.

312 பில்லில் 279 ஒத்தது, 27 டூபியில் வரவில்லை, 6 தொகை வித்தியாசம். டூபியில் வந்து கம்பெனி கணக்கில் இல்லாதது 4. தனியாக ஒரு ஷீட்டில், மூலப் பட்டியலில் எதையெல்லாம் மாற்றினேன் என்று ஐந்து வரி எழுதி வைத்திருந்தார். இடைவெளி நீக்கியது, தேதி திருத்தியது, ஓ-வைப் பூஜ்யமாக்கிய இரண்டு இடம். ஏழு வருட இடைவெளியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம், அதுவும் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று. அந்தக் கேள்வியை ஒரு ஆணிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அது எனக்குக் கோபம் தருகிறது. அம்மணி “அத்தை இருக்காங்க” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

பில் எழுதிய காலத்தில் அவர் கடைசியாக வாங்கியது மாதம் 9,000 ரூபாய். இங்கே 16,500. ஒரு வருடம் கழித்து 19,000.

பூஜ்யத்தில் முடிந்த வங்கிக் கணக்குகள்

சேர்ந்த மூன்றாம் மாதம் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது டூபி பாடத்தில் இல்லாதது.

ஆள் ஒருவர் லீவில் போனதால், தொழிலாளர் சம்பளத்தை வங்கிக்கு அனுப்பும் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை அம்மணியிடம் வந்தது. சுமார் 180 பேர். புதிதாகச் சேர்ந்தவர்களின் கணக்கு எண்ணை யாரோ புது ஷீட்டில் அடித்துச் சேர்த்திருந்தார்கள். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தவருக்கு ஒன்று உறுத்தியது. ஒரே வங்கியைச் சேர்ந்த பதினொரு பேரின் கணக்கு எண்ணும் பூஜ்யத்தில் முடிந்தது.

எக்ஸெல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். பதினாறாவது இலக்கத்தில் என்ன அடித்தாலும் பூஜ்யமாக்கிவிடும், எச்சரிக்கை எதுவும் தராது. அந்த வங்கியின் கணக்கு எண் 16 இலக்கம். அம்மணிக்கு இந்த விதி தெரியாது, நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. பதினொரு பேருக்கும் ஒரே மாதிரி முடிவதற்கு வழியில்லை என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. பாஸ்புக் நகலை எடுத்துப் பார்த்தார். பட்டியல் போவதை நிறுத்தினார். அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பதினொரு எண்ணையும் மறுபடி அடித்தார். வடிவத்தை மட்டும் மாற்றினால் போதாது, போன இலக்கம் திரும்ப வராது என்பதை அடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்.

அந்தப் பதினொரு பேரில் பெரும்பாலோர் வடமாநிலத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். சம்பளம் திரும்பிப் போயிருந்தால் ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு வாரம் தாமதமாகியிருக்கும். அன்று மாலை அவர் எனக்கு போன் செய்தார், ஆனால் பாராட்டை எதிர்பார்த்து அல்ல. “இது மாதிரி இன்னும் என்னென்ன இருக்குதுங்ணா? எல்லாத்தையும் சொல்லிடுங்க.”

கூடப் படித்த பையன்

அம்மணியின் கதையை மட்டும் சொன்னால் இந்தக் கட்டுரை ஒருபக்கமாகிவிடும். ஆகஸ்டிலிருந்து இன்னொருவரும் அதே திண்ணைக்கு வந்தார். 23 வயதுப் பையன், இயற்பியல் பட்டதாரி. ஃபார்முலாவில் அம்மணியைவிட இரண்டு மடங்கு வேகம். மேக்ரோ கூட அவருக்குப் பிடித்துக்கொண்டது. ஆனால் டெபிட் நோட் என்றால் என்ன, ஒரு பில் ஏன் அடுத்த மாதம் வருகிறது என்பதில் மனம் ஒட்டவில்லை. அதே மாதிரித் தேர்வு இரண்டில் ஃபைலை வேகமாக முடித்துக் கொடுத்துவிட்டு, “இந்த நாலு பில் நம்ம கணக்குல இல்லைன்னா என்ன அர்த்தம்?” என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் திரும்பினார்.

பிறகு அவருக்கு மெர்ச்சண்டைசிங் பகுதியில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஆர்டர் வாரியாக சைஸ், நிறம், எத்தனை பீஸ் வெட்டியாயிற்று, எத்தனை தைத்தாயிற்று என்று ஷீட் வைத்துக்கொள்ளும் வேலை. அங்கே நன்றாக இருக்கிறார். அவருக்கு நான் தொடக்கத்திலேயே டூபி ஃபைலுக்குப் பதில் ஒரு ஆர்டர் ஷீட்டைக் கொடுத்திருக்க வேண்டும். ஒரே திண்ணையில் உட்கார வைத்ததால் ஒரே பாடத்தைக் கொடுத்துவிட்டேன். அம்மணிக்குப் பின்னால் பி.காம். இருந்தது, பில் எழுதிய இரண்டு வருடம் இருந்தது, ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்த மாமியார் இருந்தார். ஷீட் அந்த மூன்றின் மேல் ஏறி உட்கார்ந்தது. பெயின்டிங் கான்ட்ராக்டரின் ஆபீஸில் வேலை தேடுபவர் அளவுக் கணக்கு ஷீட்டில் தொடங்கட்டும், மருந்து மொத்த வியாபாரத்தில் தேடுபவர் காலாவதித் தேதி பார்க்கும் ஸ்டாக் ஷீட்டில் தொடங்கட்டும். அந்த இடத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடம் பெயர்களை மாற்றிய ஒரு பழைய ஃபைலைக் கேட்டு வாங்குவதுதான் கஷ்டமான பகுதி. கூச்சப்படாமல் கேட்க வேண்டும். கணக்குப் பிரிவில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் கொடுக்கவும் வேண்டும்.

2024 அக்டோபரில் ஜிஎஸ்டி தளத்தில் புதிய ஏற்பாடு ஒன்று வந்தது. விற்றவர் ஏற்றிய பில்லை வாங்கியவர் அங்கேயே ஏற்கலாம், மறுக்கலாம், நிறுத்தி வைக்கலாம். அதனால் 14ஆம் தேதி வரை காத்திருக்காமல், 11ஆம் தேதியிலிருந்தே அம்மணி ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறார். இப்போது பவர் க்வெரி கற்கிறார். மாதா மாதம் செய்யும் சுத்தப்படுத்தும் வேலையை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் அடுத்த மாதம் அதுவே செய்துகொள்ளும். இந்த முறை அது எதற்கு என்று அவருக்கே தெரியும், நான் தள்ளவில்லை. அவருக்கு முன்பு அந்த மேசையில் இருந்தவருக்கு டூபி ஒத்துப் பார்க்க மூன்று நாள் ஆகுமாம். போன மாதம் 14ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு ஃபைலை இறக்கியவர், ஏழே காலுக்கு வராத பில் பட்டியலை ஆடிட்டருக்கு அனுப்பிவிட்டு, பள்ளி வேன் வராத நாள் என்பதால் பெண்ணை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.